நாலு எம்.பி. பழி

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். தணிகிற வழியைக் காணோம். எங்கள் எடைமேடைக்கு வரும் லாரி ஓட்டுநர் ஒருவர், வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால், "எனக்குக் கோவம் வராது மேடம், வந்தா வூட்டுக்குப் போவாது" என்பார். என் நிலைமையும் அதுதான். வந்தது, உட்கார்ந்துவிட்டது, காப்பி கொடுத்துப் பார்த்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஆகவே அதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

விஷயம் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. அதில் செருக வேண்டிய, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மெமரித் துண்டு. இதற்கா இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

கீழவாஞ்சூரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம், ஒரு எடைமேடையில் பில் போடுகிற வேலை எனக்கு. நிலக்கரி லாரி மேடையில் ஏறி நிற்கும். எடை திரையில் வரும். நான் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் போன வருஷம் வரை ஒரு சீட்டைக் கொடுப்பதற்குள் வெளியே ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். ஒரு நாள் அந்த ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னா மேடம், உள்ள அரிசி களைஞ்சு, ஒலைல போட்டு, வடிச்சா எடுத்தாறீங்க?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. தெரிந்ததெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. அப்படிப் பார்த்ததில் புரிந்தது, மெமரி என்பது சமையல் மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் நறுக்கியதை எடுத்து ஓரமாக வைத்த பிறகுதான் மாவைப் பிசைய முடியும். மேடை அகலமாக இருந்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், வேலை ஓடும். எங்கள் கம்ப்யூட்டருக்கு மேடை போதவில்லை. மேலாளரிடம் சொல்லி ஒரு மெமரிப் பட்டை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்து, உள்ளே அப்பியிருந்த கரித்தூளைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பட்டையை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். மறுநாள் சீட்டு படபடவென்று வந்தது. ஓட்டுநர் சீட்டை வாங்கிக்கொண்டு, "இன்னைக்கிச் சோறு ரெடியாவே இருந்துச்சு போலருக்கே!" என்று சிரித்தார்.

அந்த வேலையில் ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. பட்டையைப் போட்டு மூடிய பிறகு, கம்ப்யூட்டரின் சுவிட்சை நான் அழுத்தவில்லை. வெளியே நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு கை வந்து இதப் போடுங்களேன்" என்றேன். அவரும் போட்டுவிட்டுப் போனார். முப்பத்தைந்து வயதில், நானே படித்து நானே செய்த வேலைக்கு, முதல் சுவிட்சைப் போட இன்னொருவர் கை வேண்டியிருந்தது எனக்கு. ஏன் என்று சொன்னால்தான் பெட்டியின் கதை புரியும்.

எங்கள் வீடு அம்பகரத்தூர் பக்கம். நெல் விவசாயம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த வீட்டில் பெண் எடுத்து, அந்த வழியில் பிரான்சுக்குப் போனவர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஆகஸ்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தார். அவருடைய மகன் என்னைவிட ஒரு வயது பெரியவன். அண்ணன் என்று கூப்பிடுவேன், இன்றும் அப்படித்தான். அவன் கொண்டுவந்ததுதான் அந்தப் பெட்டி. கறுப்பாக, நாலு காலை மடக்கித் தவளை உட்கார்ந்திருப்பது போல இருக்கும். தலையில் கேசட்டைச் செருக வேண்டும். ஒரு மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் கார் ரேஸ்தான். தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். நான் ரிமோட்டைத் தொட வரிசையில் நின்று நின்று, என் முறை வரும்போதெல்லாம் யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள்.

கிளம்புகிற அன்று காலை சித்தப்பா, "இது இங்கயே இருக்கட்டும்ண்ணே, புள்ளைங்க வெளையாடட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார். ஒரு கேசட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள். கார் தெருமுனை தாண்டியது. நான் கொல்லையில் பாத்திரம் கழுவிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பெட்டியின் சுவிட்சைத் தள்ளினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் படம் வரவில்லை. அணைத்தேன், போட்டேன். விளக்கு எரிகிறது, படம் இல்லை. என் தம்பிக்கு எட்டு வயது. "அக்கா ஒடச்சிட்டா! அக்கா ஒடச்சிட்டா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

அம்மா ஓடிவந்து முதலில் என் கையைத்தான் பார்த்தாள். "ஈரக் கையோட கரண்டு சாமானத் தொட்டியாடி?"

"தொடச்சிட்டுதாம்மா தொட்டேன்."

"பாவாடை நனைஞ்சிருக்கு, தொடச்சாளாம்!"

அப்பா வயலிலிருந்து வந்தார். அவரும் போட்டுப் பார்த்தார். ஒரு அறை விழுந்தது. அறை பெரிதாக வலிக்கவில்லை. பிறகு சொன்னார் பாருங்கள், அது இன்னும் வலிக்கிறது. "ஒரு மாசம் அவன் வெளையாண்டான், ஒன்னும் ஆவல. இவ கை பட்டுச்சு, போச்சு."

அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று பத்து வயதுப் பெண்ணால் சொல்ல முடியுமா? ஒரு மாதம் ஓடியது. நான் தொட்டேன். நின்றது. எனக்கே சரியாகத்தான் பட்டது.

காரைக்காலில் டிவி ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அந்த ஸ்க்ரூவுக்குப் பொருந்துகிற டிரைவர் அவரிடம் இல்லை. பெட்டியைத் திறக்கவே முடியவில்லை. காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "ஈரம் எறங்கியிருக்குங்க. ஐசி காலி. புள்ளைங்க யாரோ கைய வச்சிருக்கு" என்றார். திறக்காத பெட்டிக்குள் ஈரத்தைப் பார்த்த மகராசன். 'எனக்குத் தெரியல' என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும். நான் மிகைப்படுத்தவில்லை. மேலே படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் கைராசி என்று ஒன்று உண்டு. விதை தெளிப்பதில் முதல் கை யாருடையது, புதுச் சாமானை முதலில் யார் தொடுவது, கடை திறந்ததும் முதலில் யார் வாங்குவது என்று எல்லாவற்றிலும் பார்ப்பார்கள். ராசியான கை என்றால் தேடி வந்து கூப்பிடுவார்கள். அதன் மறுபக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே தள்ளி நிற்கச் சொல்வார்கள். எங்கள் வயலில் புதிதாக மோட்டார் இறக்கியபோது தம்பி சுவிட்சைப் போட்டான். நான் வரப்பில் நின்றேன். அம்மா தையல் மெஷின் வாங்கியபோது, "நீ பாத்துக் கத்துக்க, மிதிக்காத" என்றாள். மிதிக்காமல் எப்படித் தையல் கற்றுக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பத்தாவது முடித்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்கிறேன் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். "ஒங் கையில மெஷினக் குடுத்தா காலேஜ் தாங்குமா?" கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பல்லைக் கடிக்கிறேன். நானும் சிரித்தேன்.

கல்யாணமாகி வந்த பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானே தடுத்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ் வந்தால் வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருப்பேன். இந்த வருஷம் சித்திரையில் பிறந்த வீட்டில் தம்பி புது வாஷிங் மெஷின் வாங்கினான். நான் போயிருந்த நேரம், பிளக்கைச் செருகக் குனிந்தேன். தம்பியின் மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க அண்ணி, அவரு வந்து போடட்டுமே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நல்ல பெண் அவள். அவளுக்கு இந்தக் கதையை யார் சொல்லியிருப்பார்கள்? அந்த வீட்டுக்கு வருகிற மருமகளுக்கு மாமியார் ஊறுகாய் ஜாடியைக் காட்டுவதுபோல் என் கையையும் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அது நடந்து சில நாள்தான் இருக்கும். எடைமேடையில் மதியச் சாப்பாட்டு நேரம். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு போனைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் மெமரி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பழைய மெஷின்களைத் தூசி தட்டி வேகமாக்குகிற ஆட்களின் வீடியோவும் வர ஆரம்பித்திருந்தது. திரையில் அந்தத் தவளை! அதே கறுப்புப் பெட்டி. ஒருவர் அதன் முன்பக்கம் இருக்கிற ஒரு சின்ன மூடியை நகத்தால் நெம்பித் திறக்கிறார். மூடி இருந்ததே எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு பள்ளம், அதில் ஒரு துண்டு. பெட்டியோடு வருகிற இந்தத் துண்டில் மெமரி எதுவும் கிடையாது, இது பாதையை மூடுகிற வெறும் அடைப்பான், இதை எடுத்துவிட்டு நாலு எம்.பி. மெமரித் துண்டைப் போட்டால் பெட்டியின் மெமரி இரண்டு மடங்காகும், படம் தெளிவாகும் என்று காட்டுகிறார். காட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கை சொன்னார். இந்த இடத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். அதுவோ இதுவோ, ஏதாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும். காலியாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், படம் வராது.

அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை. சாதம் கையில் காய்ந்துபோயிற்று. விளக்கு எரியும், படம் வராது. அந்த ஆள் என்னைப் பார்த்ததே இல்லை. என் பத்து வயதுக் காலைப்பொழுதை அப்படியே சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பெட்டி பரண்மேல் பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. அம்மா கீழே நின்று, "செத்த சாமான எதுக்குடி எறக்குற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏணியில் உட்கார்ந்தபடியே மூடியை நெம்பினேன். உள்ளே ஒன்றுமில்லை. மூடியின் இடுக்கு வழியாகப் புகுந்து குளவி மண்கூடு கட்டியிருந்தது. அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் என் கைமேல் உட்கார்ந்திருந்த சனியன் ஒரு காலிப் பள்ளம்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கு இப்ப என்னாங்குற" என்பாள். கண்ணால் பார்க்கட்டும் என்று பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். குளவிக்கூட்டைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் பஞ்சைத் தொட்டுப் பள்ளத்தைத் துடைத்தேன். போனில் தேடித் தேடி, பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் மெமரித் துண்டு ஒன்று பிடித்தேன். தலை மட்டும் சிவப்பாக, உடம்பு கறுப்பாக வந்து சேர்ந்தது. பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. நானே சுவிட்சைத் தள்ளினேன்.

படம் வந்தது. கார், ரோடு, மரம், வானம் எல்லாம் வந்தது.

அணைத்துவிட்டுத் துண்டை உருவினேன். போட்டேன். சிவப்பு விளக்கு, கறுப்புத் திரை. அணைத்துத் துண்டைச் செருகினேன். படம். உருவினேன், கறுப்பு. செருகினேன், படம். எத்தனை தடவை என்று தெரியாது. வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "போதும்டி, பாவம், அது என்ன பண்ணுச்சு ஒன்னைய" என்றார். "இது ஒன்னும் பண்ணலைங்க. அதத்தான் பாக்குறேன்" என்றேன்.

ஆகஸ்டில் அண்ணன் பிரான்சிலிருந்து வருகிறான் என்று தெரியும். இப்போது அவனுக்கு வயிறும் வழுக்கையும் வந்துவிட்டன, பெரிய உத்தியோகம். வந்தால் பிறந்த வீட்டில் விருந்து. நான் காத்திருந்தேன். விருந்தன்று பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது காலிப் பெட்டியைப் போட்டுக் காட்டுவது, பிறகு துண்டைச் செருகிக் காட்டுவது. பஸ்ஸில் இரண்டு மூன்று தடவை மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

நினைத்தபடி நடந்தால் அது எங்கள் வீடா? இலை எடுத்ததும் தம்பி ஐஸ்கிரீம் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவும் தம்பி மனைவியும் அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கூடத்தில் அப்பாவும் அண்ணனும் நானும்தான். வயரை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் பார்த்துவிட்டான்.

"அட! இன்னும் இத வச்சிருக்கீங்களா!" என்று குழந்தை மாதிரி கீழே உட்கார்ந்துவிட்டான்.

மூடியைத் திறந்து காட்டினேன். "இங்க ஒன்னு இருக்கணும்ல அண்ணே? அது எங்க போச்சுன்னு தெரியுமா?"

"அது நாந்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றான். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எக்ஸ்ட்ரா மெமரி. என் பர்த்டேக்கு வாங்கிக் குடுத்தது. பெட்டிய வச்சிட்டு வான்னு அப்பா சொன்னாரு, அத வச்சிட்டு வான்னு சொல்லல. அதோட வந்த டம்மி எங்க வீட்டு டிராயர்ல இருந்துச்சு. அது இல்லன்னா ஓடாதுன்னு எனக்கு அப்ப தெரியாது. ஊருக்குப் போயி தெரிஞ்சதும் அப்பாகிட்ட சொன்னேனே. அப்பா பெரியப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாருல்ல?" என்று என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "அனுப்பவான்னுகூடக் கேட்டாரு. வேணாம், புள்ளைங்க படிக்கட்டும்னு சொன்னீங்களாம்ல பெரியப்பா?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். காம்பு கிள்ளி முடிந்த வெற்றிலையை மறுபடியும் கிள்ளினார்.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். கை கழுவுகிற சாக்கில் அப்பா பின்னாலேயே வந்தார். நான் கத்தவில்லை. கத்தினால் அடுப்படிக்குக் கேட்கும், உடனே எல்லாரும் வந்து, என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு நான் கத்தியதைப் பற்றிப் பேசுவார்கள்.

"எப்பப்பா போன் வந்துச்சு?"

"அவங்க போயி ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசத்துல தெரியும். அப்பறம் ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"என்னப்பா சொல்லி? பாலிடெக்னிக் கேட்டப்ப, ஒங் கையில மெஷினான்னு சிரிச்சீங்களே. அப்ப தெரியும்ல ஒங்களுக்கு?"

அப்பா சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கை எப்போதோ கழுவி முடித்தாகிவிட்டது. பிறகு சொன்னார். "ஒன்னையச் சொன்னா வூட்டோட போச்சும்மா. அவனச் சொன்னா தம்பி மனசு கோணும். குடுத்த மாதிரி குடுத்துட்டு உருவிகிட்டுப் போயிட்டான்னு ஊரு பேசும். ஒங்கம்மாவுக்கே நான் சொல்லல."

இதைத்தான் நான் சகிக்க முடியாமல் தூக்கிக்கொண்டு திரிகிறேன். தெரியாமல் பழி போட்டால்கூடப் போகட்டும். தெரிந்த பிறகு, எடுத்து வேறு இடத்தில் வைக்க மனமில்லாமல், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். நான் மலிவு. அவர்கள் விமானத்தில் வருகிறவர்கள்.

"இப்ப சொல்லுங்க" என்றேன். "அம்மாகிட்ட, தம்பிகிட்ட, தம்பி பொண்டாட்டிகிட்ட. மூணே பேரு. அது இவ ஒடைக்கலன்னு ஒரு வார்த்த."

"வந்தவன் இருக்கயிலயா?"

"அவனே சொல்லிட்டான். அவனுக்கு ஒன்னும் நோகல. ஒங்களுக்குத்தான் நோகுது."

உள்ளே போனோம். அதற்குள் அண்ணன் துண்டைச் செருகி ஆட ஆரம்பித்திருந்தான். ஐஸ்கிரீமோடு தம்பி வந்துவிட்டான், அடுப்படியிலிருந்து பெண்களும் வந்துவிட்டார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. முன்னே நாங்கள் பார்த்தபோது தூரத்தில் வெறும் புகையாக இருந்த மலையெல்லாம், அந்தக் கேசட்டில் இப்போது தெளிவுப் படம் என்பதைத் தேர்ந்தெடுத்ததும், மரம் மரமாகத் தெரிந்தது. கூடமே வாயைப் பிளந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்வார் என்று நிஜமாகவே நம்பினேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்ப்பா, திரும்பிப் போறதுக்கு மெட்ராசுல எத்தன மணிக்கு பிளைட்டு?" என்றார்.

தம்பி என் தோளில் தட்டினான். "பரவால்லக்கா, நீ ஒடச்சத நீயே சரி பண்ணிட்டியே!"

அம்மா கண் கலங்கிவிட்டாள். "எத்தன வருசம் ஆனா என்ன, மனசுல வச்சிருந்து செஞ்சிருக்கா பாரு எம் பொண்ணு" என்று என் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

இதைவிடக் கேவலம் உண்டா? நான் உடைக்கவில்லை என்று காட்டக் கொண்டுபோன பெட்டி, நான் உடைத்ததற்குச் சாட்சியாகிவிட்டது. "நான் ஒடைக்கவே இல்ல, அண்ணன் கழட்டிகிட்டுப் போயிருக்கான்" என்று சொன்னேன். அண்ணன் ஆட்டத்தில் இருந்தான், சிரித்தபடி "ஆமாமா" என்றான். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "வந்தவனப் போயி வம்புக்கு இழுக்காதடி. அவன் பெரிய மனசுல ஒத்துக்கிறான் பாரு." அந்த வீட்டில் நான் சொன்னால் அது வாயாடுவது. அப்பா சொன்னால்தான் அது நடந்ததாகும். அப்பா விமானத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

மூன்று வாரம் இருக்கும். எடைமேடையில் மத்தியான வெயில், வெளியே லாரி வரிசை. ஜன்னலில் சீட்டுக்காக நிற்கிறவர்கள் நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை. அப்பா. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வேட்டியில் கரித்தூள்.

"என்னப்பா? அம்மாவுக்கு என்ன?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல." பக்கத்தில் நின்ற ஓட்டுநரின் கையைத் தொட்டார். அது சோற்றுக் கதை பேசுகிற ஓட்டுநர் இல்லை, யாரோ புது ஆள். "தம்பி, இது எம் பொண்ணு. சின்னதுல ஒரு சாமான ஒடச்சிட்டான்னு சொல்லிட்டோம். இவ ஒடைக்கலப்பா."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "என்னா பெரியவரே ஒடைக்கல?"

"பிரான்சு சாமான்."

"சரிங்க. எனக்குச் சீட்டக் குடுக்கச் சொல்லுங்க, லைனு நிக்குது."

சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "இவருகிட்ட எதுக்குப்பா சொல்றீங்க? இவரு கரிய ஏத்திகிட்டு அரியலூரு போறாரு. அங்க போயி, ஒடைக்காத பொண்ணு ஒன்னு வாஞ்சூர்ல இருக்குன்னு சொல்லணுமா?"

"சொல்லிப் பாத்தேன்மா. வாயில வருதான்னு."

"வந்துச்சுல்ல? அங்க போயிச் சொல்லுங்க."

"அங்க எப்புடிச் சொல்றது? தெரிஞ்சும் ஏன் இத்தன வருசம் சொல்லலன்னு ஒங்கம்மா கேப்பாளே."

"கேக்கட்டும்."

"என்னான்னு சொல்ல?"

"எங்கிட்டக் கொல்லையில சொன்னீங்கல்ல, அதயே சொல்லுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பிலிருந்த கரியைத் தரையில் தேய்த்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். பாவமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பாவமாக இருந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? இரண்டும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "வர்ற ஞாயித்துக்கெழம வாம்மா" என்றார்.

"சொல்லிட்டுக் கூப்புடுங்க" என்றேன்.

ஐந்தாறு ஞாயிறு போய்விட்டது. அம்மா தினம் போன் பண்ணுகிறாள். நேற்றும் பண்ணினாள்.

"வூட்டுக்கு வாடி. கத்திரிக்கா காச்சித் தொங்குது, பறிக்க ஆளில்ல."

"அப்பா ஏதாவது சொன்னாராம்மா?"

"என்னத்தச் சொல்லணும்? அவரு ஒழுங்காச் சாப்புடுறதே இல்ல. தட்டுல கைய வச்சிகிட்டு எதையோ சொல்ல வர்றாரு. என்னாங்கன்னா, ஒன்னுமில்ல, மோரு ஊத்துங்கறாரு. ஒடம்புக்கு ஏதும் செய்யிதான்னு டாக்டர்கிட்டக் காட்டலாம்னு பாக்குறேன்."

"டாக்டரெல்லாம் வேணாம்மா. அடுத்த தடவ மோரு ஊத்தாத."

"என்னாடி சொல்ற?"

"மோரு ஊத்தாம ஒக்காந்து கேளு. அவரு சொல்லி முடிக்கிறவரைக்கும் எந்திரிக்காத."

அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டாள். வைக்கும் முன், சரி, ஊத்தல போ, என்றாள்.